பாலைக் காப்பவன் யார்?

சங்கரன்கோவில் சீமையில், கோவில்பட்டிக்கு மேற்கே, இளையரசனேந்தல் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏந்தல் என்றால் ஏரி. பெயரிலே தண்ணீரை வைத்துக்கொண்ட ஊர். ஆயினும் சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் கால் வைக்க முடியாத சேறு. வெயில் அடித்தால் கை நுழையும் வெடிப்பு. அந்த மண்ணைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் அகப்படும். இந்தச் சுண்ணாம்பை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வாரக் கதையில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

சென்ற கோடையில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக அவ்வூருக்குப் போயிருந்தேன். விசேஷத்துக்கு முதல் நாள் மாலை அடுப்பில் ஏற்றிய எருமைப் பால் முழுவதும் திரிந்துபோயிற்று. வீட்டில் ஒரே அமளி. பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று ஒருவரும், காலைப் பாலையும் மாலைப் பாலையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள் என்று மற்றொருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் என் எதிரே உட்கார்ந்திருந்த ஆச்சி, எண்பது வயதைக் கடந்தவர், என் பக்கம் திரும்பி, “தம்பி, பத்திரிகையிலே சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று என்னென்னவோ எழுதுகிறீர். நல்ல பால் ஏன் திரிகிறது என்று ஒரு நாளாவது எழுதியிருக்கிறீரா?” என்றார்.

எழுதியதில்லை. அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது, கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினால்தான் அதன் அருமை தெரியும் என்று தோன்றிற்று. பால் ஏன் திரிகிறது என்பதைவிட, பால் ஏன் எப்போதும் திரிந்தே இருப்பதில்லை என்பதே வியப்பு.

சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பேட் உப்பையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து ஒன்றாய்ச் சேர்த்தால், வெள்ளைப் பொடியாகத் திரண்டு அடியில் தங்கிவிடும். எலும்பும் பல்லும் அப்பொருளினால் ஆனவையே. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. எருமைப் பாலில் அதனினும் மிகுதி. பாஸ்பரஸும் ஏறக்குறைய அதே அளவு. வெறும் தண்ணீர் இவ்வளவையும் தாங்காது. தாங்காததைப் பால் தாங்குகிறது. தாங்காவிட்டால் தாயின் மார்பிலேயே பால் கல்லாகிப் போகும்; கன்றுக்கும் குழந்தைக்கும் எலும்பு வளர வழியில்லை.

தாங்குவது எது? பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம். புரதங்கள் எல்லாம் பூமாலை போன்றவை. இருபது வகைப் பூக்களை வெவ்வேறு வரிசையில் தொடுத்த மாலைகள். பசும்பாலின் முக்கியமான கேசீன் மாலை ஒன்றில் 199 பூக்கள். அவற்றுள் செரைன் என்னும் பூக்களில் எட்டின்மேல் எட்டுப் பாஸ்பேட் கொக்கிகள் மாட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கொக்கிகள் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு, அது திரண்டு கீழே விழாதபடி, கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்க வைக்கின்றன. பாலுக்கு வெண்மை நிறம் தருவதில் பெரும் பங்கு அந்த உருண்டைகளுடையதே. பால் புளித்தால் புளிப்பு அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துத் தண்ணீரில் தள்ளிவிடும், கேசீன் கட்டிப்படும். இலேசாகப் புளித்த பாலை அடுப்பில் வைத்தால் சூடு அந்த வேலையை விரைவில் முடித்துவிடும். ஆச்சியின் கேள்விக்கு விடை இவ்வளவே. (தயிரின்மேல் தெளிந்து நிற்கும் நீரைச் சாய்த்துக் கொட்டும் பெண்மணிகள், கரைந்த சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கையும் கூடவே கொட்டுகிறார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் குழம்பில் ஊற்றினால் ஒரு குறையும் வராது.)

நிற்க. அந்தக் கொக்கிகளை மாட்டியவன் யார்? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க 129 ஆண்டுகள் ஆயின. நடுவில் விடை தெரிந்துவிட்டது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலமும் உண்டு.

ஸ்வீடன் தேசத்து ஓலோப் ஹம்மார்ஸ்டன் என்பவர் 1883-ஆம் ஆண்டில் கேசீனுக்குள் பாஸ்பரஸ் இருப்பதைத் தெரிவித்தார். அது புரதத்தில் எந்த இடத்தில், எப்படி ஒட்டியிருக்கிறது என்பது தெரிய அடுத்த அரை நூற்றாண்டு கழிந்தது. 1932, 1933-ஆம் ஆண்டுகளில் பிரிட்ஸ் லிப்மான் முதலில் முட்டையின் மஞ்சள் கருவிலும், பிறகு கேசீனிலும் செரைனோடு பாஸ்பேட் பிணைந்திருப்பதைக் காட்டினார்.

இந்த இடத்தில் நம் நாட்டவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்து, சென்னையில் கல்வி கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். மருத்துவக் கல்லூரி மாணவராய் இருக்கையில் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தினார். அறுவைச் சிகிச்சை அறைக்குள்ளும் கதர் அங்கியோடு நுழைந்ததை வெள்ளைக்காரப் பேராசிரியர் பொறுக்கவில்லை. தேர்வெழுதியும் முழுப் பட்டம் கிட்டாமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் கற்பித்துவிட்டு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் ஸைரஸ் பிஸ்க் என்பவரோடு சேர்ந்து, உடலிலுள்ள பாஸ்பரஸை நீல நிறமாக மாற்றி அந்நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை 1925-ஆம் ஆண்டு வெளியிட்டார். உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் பல தலைமுறை மாணவர்கள் அந்த முறையைக் கையாண்டார்கள். 1929-ஆம் ஆண்டு, தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் பொருளை அவ்விருவரும் பிரித்தெடுத்தார்கள். அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதைக் கண்டார். ஏ.டி.பி. ஒரு மடிசஞ்சி. அதில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாய்த் தொங்கும். கடைசி பாஸ்பேட்டை எடுத்து மற்றொன்றின்மேல் மாட்டினால் வேலை நடக்கும். உடலில் யார் எதன்மேல் பாஸ்பேட் மாட்டினாலும், சரக்கு எடுப்பது பெரும்பாலும் இந்த மடிசஞ்சியிலிருந்துதான். கதர் அங்கிக்குப் பட்டத்தைப் பலி கொடுத்த ஒருவர் அதைக் கண்டவர்களுள் ஒருவர் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுப்பாராவ் 1948-ஆம் ஆண்டு நியூயார்க்கில் காலமானார்.

பாஸ்பேட்டை எடுத்து மாட்டும் வேலைக்காரர்களுக்குக் கைனேஸ்கள் என்று பெயர். 1954-ஆம் ஆண்டில் பர்னெட், கென்னடி என்ற இருவர் எலியின் ஈரலிலிருந்து எடுத்த சாறு கேசீன்மேல் பாஸ்பேட்டை ஏற்றுவதைக் கண்டார்கள். புரதக் கைனேஸ் என்ற ஒன்று உண்டென்பதற்கு அதுவே முதல் சான்று. அடுத்த ஆண்டு பிஷரும் கிரெப்ஸும் ஒரு கைனேஸ் மற்றொரு நொதியைத் தூண்டி எழுப்பும் விதத்தைத் தெளிவாகக் காட்டினர். அதற்கு 1992-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஏந்தலின் மடையருகே நிற்கும் நீர்பாய்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் மடையைத் திறந்தால் இந்த வயலுக்கு நீர். அடைத்தால் அந்த வயலுக்கு நீர். உயிரணு வளர்வதும், பிளவுபடுவதும், சும்மா இருப்பதும் இத்தகைய நீர்பாய்ச்சிகளின் கையில் இருக்கின்றன. அவர்களுள் ஒருவன் திறந்த மடையை மூட மறந்துவிட்டால் அதுவே சில வகைப் புற்றுநோய்.

ஈரலிலிருந்து எடுத்த சாற்றை மேன்மேலும் சுத்தம் செய்ததில் இரண்டு கைனேஸ்கள் அகப்பட்டன. கேசீன்மேல் பாஸ்பேட் ஏற்றியதால், கேசீன் கைனேஸ் ஒன்று, கேசீன் கைனேஸ் இரண்டு என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பாட நூல்களில் அச்சேறிவிட்டது. ஆனால் அங்கே ஒரு விபரீதம். அந்த இருவரும் வாழ்வது உயிரணுவின் நடுக்கூடத்திலும் பூஜையறை போன்ற கருவிலும். கேசீனோ பிறந்த கணம் முதல் வெளியே போகும் சரக்கு. அது உயிரணுவுக்குள்ளேயே தனிக் குழாய்களிலும் அறைகளிலும் அடைபட்டுப் பிரயாணம் செய்து, கோல்கி என்னும் கட்டுமூட்டைச் சாலையைக் கடந்து, பாலோடு வெளியேறுகிறது. அந்த இரண்டு கைனேஸ்களும் உயிருள்ள மார்பில் பாலின் கேசீனை ஒரு முறையேனும் முகம் பார்த்ததில்லை. சோதனைக் குழாயில் ஒன்றாகப் போட்டதால் தொட்டுவிட்டார்கள். அதற்காகப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டார்கள். இவ்வித நியமனங்கள் அரசாங்கக் காரியாலயங்களில் மட்டுமே நடக்கும் என்று நான் எண்ணியிருந்தேன்.

சிலருக்கு ஐயம் இருக்கத்தான் செய்தது. பால் சுரக்கும் மடியின் கோல்கி அறையில் உண்மையான கேசீன் கைனேஸ் வேலை செய்வதை 1970-களில் சிலர் கண்டனர். இத்தாலியின் படுவா நகரத்து லொரென்ஸோ பின்னா என்னும் அறிஞர் அதன் கை அடையாளத்தையும் விவரித்தார். செரைன் ஒன்று, அடுத்து எதுவாயினும் ஒன்று, அதற்கடுத்துக் குளூட்டாமிக் அமிலம். இந்த வரிசை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது கொக்கி மாட்டும். கைரேகை கிடைத்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. வேலையைக் காணலாம், ஆளைப் பிடிக்க முடியாது என்ற நிலையில் பல பத்தாண்டுகள் ஓடின.

மனிதனின் மரபு நூல் முழுவதையும் படித்து முடித்தபின் 2002-ஆம் ஆண்டு, ஜெரார்ட் மானிங் முதலியோர் மனிதக் கைனேஸ்கள் அனைத்தையும் ஒரு குலமரமாக வரைந்து, 518 என்று கணக்குச் சொன்னார்கள். அந்த 518-இல் ஒரு சிலவற்றைப் பற்றியே உலகம் ஆயிரக் கணக்கில் கட்டுரைகள் எழுதிக் குவித்திருக்கிறது. சந்தையில் கூட்டம் கூடிய கடையிலேயே மேலும் கூட்டம் கூடுவது விஞ்ஞானத்துக்கும் விதி போலும். முன்பே கருவி இருக்கிறது, முன்பே பணம் கிடைக்கிறது, முன்பே எழுதியவர்களைச் சுட்டலாம். புதுக் கடைக்கு யார் போவார்? அமெரிக்க அரசு 2014-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டம், 150-க்கும் மேற்பட்ட கைனேஸ்களைப் போதிய கவனம் பெறாதவை என்று தனியே பட்டியல் இட்டது. பாலின் கைனேஸுக்கோ அந்தக் கௌரவமும் இல்லை. அதன் முகச்சாயல் மற்றவர்களிடமிருந்து அவ்வளவு வேறுபட்டிருந்தபடியால் 518 பேரின் குலமரத்திலேயே அதற்குக் கிளை இல்லை. குடும்ப அட்டையில் பெயர் இல்லாத பிள்ளை!

அதன் பெயரும் அப்படியே. ஃபேம்20சி. இதை மொழிபெயர்த்தால், ஜாடை ஒத்த குடும்பங்களுள் இருபதாவது குடும்பத்தின் மூன்றாவது பிள்ளை என்று பொருள். என்ன வேலை செய்கிறது என்று தெரியாத மரபுக் கூறுகளுக்கு இப்படி எண் போட்டு வைப்பது வழக்கம்.

துப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. 2008-ஆம் ஆண்டில், பழத்தைச் சுற்றும் சிறு ஈயின் காலில் கணு குறைவதற்குக் காரணமான ஒரு புரதம் கோல்கி அறைக்குள் வேலை செய்யும் கைனேஸ் என்று தெரிந்தது. அதே ஜாடை மனிதரில் யாருக்கு உண்டு என்று தேடியபோது இருபதாம் வீட்டார் கண்ணில் பட்டார்கள். மற்றொரு துப்பு மிகவும் துயரமானது. ரெய்ன் நோய் என்று ஒன்று; 1989-ஆம் ஆண்டு முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அந்நோயோடு பிறக்கும் குழந்தையின் எலும்பு கல்லைப்போல் இறுகியிருக்கும்; மூச்சுக் குழல் குறுகியிருக்கும். பல குழந்தைகள் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடும். சில உயிர் பிழைத்து வளர்வதும் உண்டு. மிக அரிய நோய். 2007-ஆம் ஆண்டில் அதன் காரணம் ஃபேம்20சி மரபுக் கூறில் ஏற்பட்ட பழுது என்று கண்டார்கள். ஆனால் அந்தக் கூறு என்ன வேலை செய்கிறது என்பது அப்போதும் தெரியாது. பழுது தெரியும், பழுதான பொருள் எதற்கென்று தெரியாது!

2012-ஆம் ஆண்டில் ஸான் டியாகோவில் ஜாக் டிக்ஸனின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வின்சென்ட் டாக்லியாபிராச்சி முதலியோர் ஃபேம்20சியைத் தூய்மையாக எடுத்துக் கேசீனோடு சேர்த்துப் பார்த்தார்கள். கைரேகை பொருந்திற்று. 129 ஆண்டுகள் தேடிய ஆள் அகப்பட்டான். ஈயை ஆராய்ந்த கூட்டத்தாரும் அதே ஆண்டில் அதே முடிவை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த செய்தி இன்னும் பெரிது. உயிரணுக்கள் வெளியே அனுப்பும் புரதங்களில் பாஸ்பேட் ஏறியவை நூற்றுக்கு மேல் எண்ணிப் பார்த்தபோது, அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் கொக்கி மாட்டியவன் இவன் ஒருவனே. ஒரு ஊரின் சரக்கு வண்டிகள் அனைத்துக்கும் ஒரே ஆள் முத்திரை குத்திக்கொண்டிருந்திருக்கிறான். அவன் பெயர் ஊரின் பட்டியலில் இல்லை.

இனி, அவனை யார் ஏவுகிறார்கள்? இவ்வளவு வேலை செய்பவனைக் கட்டுப்பாடின்றி விட்டால் வீடு என்ன ஆகும்?

முதலாவதாக, அவனுக்கு வேண்டிய உலோகமே வேறு. மற்றக் கைனேஸ்கள் பெரும்பாலும் மக்னீசியத்தைக் கொண்டு வேலை செய்கையில், இவன் மாங்கனீஸைக் கேட்கிறான். இரண்டாவதாக, இவன் கோல்கி அறையின் சுவரோடு ஒரு கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறான். வேறொரு நொதி அந்தக் கயிற்றை அறுத்துவிட்டால்தான் உயிரணுவை விட்டு வெளியேறவும், எலும்பு வளர்வதற்கு வேண்டியபடி உதவவும் முடிகிறது என்று 2021-ஆம் ஆண்டில் தெரியவந்தது. மூன்றாவது செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதே இருபதாம் வீட்டின் மூத்த பிள்ளை ஃபேம்20ஏ. அதுவும் கைனேஸ் ஜாடையில் இருக்கிறது, ஏ.டி.பி.யைக் கையில் வாங்கியும் கொள்கிறது. ஆனால் பாஸ்பேட்டை எதன்மேலும் மாட்டுவதில்லை. மாட்டத் தேவையான அங்கமே அதற்கு இல்லை. வெகு நாள் வரையில் அது ஒன்றுக்கும் உதவாதது என்று எண்ணியிருந்தார்கள். 2015-ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. அது தம்பியோடு சேர்ந்து நின்றால் தம்பியின் வேகம் பன்மடங்கு ஏறுகிறது. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ராகம் பாடுவதில்லை, ஸ்வரம் மாற்றுவதில்லை. அவர் நிறுத்திவிட்டால் கச்சேரி கெடும். காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த கோவில்பட்டி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒத்து ஊதுகிறவர் பழுதாகப் பிறந்த குழந்தைகளும் உண்டு. அவர்களுடைய பல்லின்மேல் எனாமல் என்னும் பளிங்குப் பூச்சு அமைவதில்லை. சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிகிறது.

பாலுக்கும் பல்லுக்கும் எலும்புக்கும் ஒரே ஆள் பொறுப்பாளி என்பது இதனால் விளங்கும். ஆனால் அவன் வேலை அத்தோடு நிற்கவில்லை. புரதங்களைச் சரியாக மடித்து முடிச்சுப்போடும் அறையில் எரோ1 என்னும் நொதியின்மேல் இவன் பாஸ்பேட் மாட்டி அதன் வேகத்தைத் திருத்துகிறான் என்று 2018-ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானிகள் காட்டினார்கள். பால் சுரக்கும் காலத்தில் மடியில் இது மிகுதியாக நடக்கிறது. இதயத்தின் உயிரணுக்களில் சுண்ணாம்புச் சத்தைச் சேமிக்கும் ஒரு புரதத்தின்மேலும் இவன் கை இருக்கிறது. அங்கே ஒரு கொக்கி இடம் மாறிப் பிறந்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தவறும் அபாயம் கூடுகிறது.

எல்லாவற்றிலும் விந்தையானது எலும்பின் கதை. கொக்கி மாட்டுகிறவன் இல்லாவிட்டால் சுண்ணாம்பைப் பற்றுவார் இல்லை, எலும்பு மெலிந்து வளையும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? ஃபேம்20சி இல்லாதபடி வளர்த்த எலிகளுக்கு அவ்விதமே எலும்பு வளைந்தது. ரெய்ன் நோய்க் குழந்தைகளுக்கோ எலும்பு கல்லாக இறுகுகிறது. இது என்ன முரண்? விடை இரண்டு மடைகளில் இருப்பதாகத் தோன்றுகிறது. எலும்பைச் சுற்றியுள்ள சில புரதங்கள், பாஸ்பேட் ஏறிய நிலையில், சுண்ணாம்பு அளவுக்கு மீறிப் படியாதபடி தடுத்து நிற்கின்றன. கொக்கி இல்லாவிட்டால் தடை தளர்ந்து சுண்ணாம்பு கண்டபடி படியும். இது ஒரு மடை. மற்றொன்று எஃப்.ஜி.எஃப்.23 என்னும் ஓலைதாரன். எலும்பிலிருந்து சிறுநீரகத்துக்குப் போய், பாஸ்பேட்டை வெளியே தள்ளு என்று சொல்பவன். ஃபேம்20சி அந்த ஓலையில் ஒரு கொக்கி மாட்டி, அது பாதியிலேயே வெட்டுப்பட வழி செய்கிறான் என்று 2014-ஆம் ஆண்டில் கண்டார்கள். அவன் இல்லாவிட்டால் ஓலை முழுதாகப் போய்ச் சேருகிறது. சிறுநீரகம் பாஸ்பேட்டை வாரி இறைக்கிறது. இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து எலும்பு மெலிகிறது. ரெய்ன் நோயோடு பிழைத்து வளர்ந்தவர்கள் சிலருக்கும் இவ்விதம் பாஸ்பேட் குறைவு காணப்படுகிறது. ஒரே ஆள் இல்லாமையால் ஒரு மடை உடைந்து வெள்ளம். மற்றொரு மடை வழியாக ஏந்தல் வற்றல். எந்த உடலில் எது மேலோங்கும் என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் நான் திண்ணையில் உட்கார்ந்து ஆச்சிக்குச் சொன்னேன் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். பால், கொக்கி, பெயரில்லாத வேலைக்காரன், கல்லான எலும்பு, இவ்வளவுதான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஆச்சியின் முகம் கடைசிச் செய்தியில் மாறிவிட்டது.

“தம்பி, அந்தப் பழுது யார் வழியாக வரும்?” என்றார்.

அவர் கேட்டதன் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மகள் வயிற்றுப் பேத்தியைத் தம் கடைசி மகனுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. தாய்மாமனுக்குக் கொடுப்பது அந்த வீட்டில் மூன்று தலைமுறை வழக்கம். முன்பு ஒரு தலைமுறையில் பிறந்த குழந்தை ஒன்று மூன்றாம் நாளே இறந்ததுண்டாம். பேத்தி திருநெல்வேலியில் கல்லூரியில் படித்த பெண். கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழந்தை எதனால் இறந்தது என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. பிறந்த மூன்றாம் நாள் ஒரு குழந்தை இறக்க நூறு காரணங்கள் உண்டு. அதை ரெய்ன் நோய் என்று எண்ணிக் கலங்குவது தகாது என்று முதலில் சொன்னேன். பிறகு கணக்கைச் சொன்னேன். இத்தகைய நோய் வெளிப்பட வேண்டுமானால் தாயிடமிருந்து ஒரு பழுதும் தந்தையிடமிருந்து அதே பழுதும் சேர்ந்து வர வேண்டும். ஒன்று மட்டும் உடையவர் நல்ல உடல் நலத்தோடு நூறு வயது வாழலாம். தம்மிடம் பழுது இருப்பதே தெரியாது. நம் ஒவ்வொருவரிடமும் ஏதேனும் சில பழுதுகள் இவ்விதம் மறைந்திருக்கின்றன. இருவரிடமும் ஒரே பழுது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். அந்நியரிடம் பெண் கொண்டால் அதே அரிய பழுது அங்கேயும் இருப்பது மிகமிக அபூர்வம். மாமனிடம் ஒரு பழுது இருக்குமானால், அக்காள் மகளிடம் அது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. எனவே பிறக்கும் குழந்தைக்குப் பதினாறில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகள் ஆனால் முப்பத்திரண்டில் ஒன்று.

“பதினாறிலே ஒன்று என்றால், பதினைந்து நல்லதுதானே?” என்றார் ஆச்சி.

“அது ஒரு பழுதுக்கு உள்ள கணக்கு, ஆச்சி. மறைந்திருப்பது ஒன்றா நான்கா என்று யாருக்குத் தெரியும்?” என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒரு மணத்துக்குக் குறையாமல் இரத்த உறவில் நடந்திருக்கிறது. பாரத தேசத்தில் இது மிகுந்த மாகாணங்களுள் நம்முடையது ஒன்று. சொத்து பிரியாமல் இருக்க, பெண் கண்ணெதிரே இருக்க, மாமியார் வீடு அம்மா வீடாக இருக்க என்று இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் அன்பிலிருந்து பிறந்தவையே; அவற்றைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் மேல்நாட்டினர் அரிய நோய் என்று ஒதுக்கும் ஒன்று, இரத்த உறவில் மணம் மிகுந்த சமூகத்தில் அவ்வளவு அரிதாக இராது. ரெய்ன் நோயாகப் பதிவானவற்றுள் பல, உறவில் மணந்த பெற்றோரின் குழந்தைகளே. கூட்டம் கூடாத கடையிலுள்ள கைனேஸ்களை ஆராய வேண்டிய அவசரம் அமெரிக்கருக்கு இருப்பதைவிட நமக்கு அதிகம் என்றே நான் நினைக்கிறேன். சுப்பாராவ் பிறந்த நாட்டில் அதற்கு மூளைக்குப் பஞ்சம் இல்லை.

மறுநாள் விசேஷம் முடிந்து வண்டி ஏறும் சமயம் பேத்தி வந்து, “மாமா, மரபு நோய்களைப் பற்றி ஆலோசனை சொல்லும் வைத்தியர்கள் மணத்துக்கு முன்னாலேயே பார்ப்பார்களா?” என்று கேட்டாள். பார்ப்பார்கள், பெரிய மருத்துவமனைகளில் அதற்கென்று தனிப் பிரிவு உண்டு, இரு வீட்டாரின் குடும்ப வரலாற்றையும் கேட்டுக் குலமரம் வரைந்து, வேண்டுமானால் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள் என்று சொன்னேன். இறந்த குழந்தையைப் பற்றி மூத்தவர்களுக்கு நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி எடுத்துப் போகும்படியும் சொன்னேன்.

ஆச்சி வாசல் வரை வந்தார். பேத்தியின் கல்யாணப் பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அந்த வேலைக்காரன் பெயர் என்ன சொன்னீர், தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“பெயர் என்று ஒன்றும் இல்லை, ஆச்சி. இருபதாம் வீட்டு மூன்றாம் பிள்ளை.”

“இத்தனை வேலை செய்கிறவனுக்கு ஒரு பெயர் வைக்கப்படாதா?” என்று சொல்லிக்கொண்டே, எருமைக்குத் தண்ணீர் காட்டத் தொழுவத்துப் பக்கம் நடந்தார்.